58 சி.சி. செயின்சா பத்தே நிமிடத்தில் நின்றுவிடுகிறது: சரிசெய்வதா, அதிகம் பேசப்படாத வேறு நல்ல மெஷின் வாங்குவதா?

முந்திரித்தோப்பு, காடாம்புலியூர்:

வணக்கம். பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்ப் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் முந்திரியும், வேலியோரமாக இருபது பலா மரங்களும் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது விழுந்த மரங்களை, கோடரியையும் இருவர் இழுக்கும் ரம்பத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு அறுத்து முடிக்க எங்கள் வீட்டாருக்குச் சித்திரை வரை ஆனது. அந்தப் பாட்டை மறக்க முடியாமல்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு செயின்சா வாங்கினேன். பெயர் சொல்லும்படியான கம்பெனி அல்ல, 58 சி.சி., 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்டு, ஹார்டுவேர் கடைகளில் ஆரஞ்சு நிறத்தில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த ரகம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் அடித்து ஓய்ந்த பிறகு ஒரு வாரம் முரண்டு பிடிக்காமல் உழைத்தது.

இப்போது கவாத்து வேலைக்கு எடுத்தால் சிக்கல். மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடம் நன்றாகவே ஓடுகிறது, பிறகு பெரிய கிளைக்குள் பாதி இறங்கியிருக்கும் நேரத்தில் மூச்சு வாங்குவதுபோல் இரண்டு முறை திணறிவிட்டு அணைந்துவிடுகிறது. அதன் பின் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் பேச்சு மூச்சு இல்லை. கால் மணி நேரம் நிழலில் வைத்துவிட்டு இழுத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறது. ஏர் ஃபில்டரைக் கழுவிவிட்டேன். பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கானது) கலக்கிறேன்.

இதைச் சரிசெய்யலாமா, அல்லது தலைமுழுகிவிட்டு வேறு வாங்கலாமா? கேட்கிற இடமெல்லாம் ஸ்டில், ஹஸ்க்வர்னா என்ற இரண்டு பெயர்களைத்தான் சொல்கிறார்கள். அவற்றின் தரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதிகம் பேசப்படாமல், தினசரி வேலைக்கு நம்பி எடுக்கக்கூடிய மெஷின் எதுவும் இல்லையா?

நெல்லிக்குப்பம் வாசகர்:

பிளக்கை மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

முந்திரித்தோப்பு, காடாம்புலியூர்:

பிளக் புதிது, ஐயா. மாற்றி இரண்டு வாரம்தான் ஆகிறது; அதன் பிறகும் இதே கதைதான்.

பாகூர் பட்டறை:

நீங்கள் சொன்ன அறிகுறிகள் தெளிவாக இருப்பதால் உடனே செலவு செய்ய வேண்டாம். சூடான பிறகு நின்று, ஆறிய பிறகு ஓடுகிற மெஷினில் நான் முதலில் சந்தேகப்படுவது இரண்டு இடங்களைத்தான். ஒன்று பெட்ரோல் டேங்குக்குள் காற்று புகும் வழி, மற்றொன்று பிளக்குக்கு மின்சாரம் கொடுத்துப் பொறி வரவைக்கும் இக்னிஷன் காயில்.

டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென்று வெண்ட் என்ற சிறு வழி இருக்கிறது. தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரில் உள்ள சவ்வு எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் மேலே வராது. மெஷின் சும்மா இருக்கும்போது மூடி இடுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால், கால் மணி நேரம் கழித்து அது நல்ல பிள்ளையாகிவிடுகிறது. ஆறியதால் ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே அடுத்த முறை நின்றவுடன் மெஷினை நிழலுக்குக் கொண்டு போகாதீர்கள். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் சிந்திவிடாமல், மூடியை மிக மெதுவாக, கால் திருகு மட்டும் திருப்பிக் காதைக் கொடுங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, மூடியை இறுக்கியதும் மெஷின் ஸ்டார்ட் ஆனால் கோளாறு வெண்டில்தான். ஓசை இல்லை, ஸ்டார்ட்டும் ஆகவில்லை என்றால், பிளக்கைக் கழற்றி அதன் உலோகப் பகுதியை இன்ஜினின் மேல் அழுத்தி வைத்து, பெட்ரோல் டேங்குக்கும் பிளக் துளைக்கும் விலகிய இடத்தில் பொறி வருகிறதா என்று பாருங்கள். சூட்டில் பொறி வராமல், ஆறிய பின் வந்தால் காயில் போய்விட்டது. இந்த ரக மெஷினுக்கு அது எளிதில் கிடைக்கும் பாகம்தான்.

ஒரு வேண்டுகோள். கார்புரேட்டரில் இருக்கும் திருகுகளை யார் சொன்னாலும் இப்போதைக்குத் தொடாதீர்கள். பெட்ரோல் வரத்துக் குறைந்த மெஷினில் வேகத் திருகை இன்னும் மூடினால், கலவையோடு வர வேண்டிய ஆயிலும் குறைந்து பிஸ்டன் கோடு கோடாகக் கீறிப்போகும். அதற்குப் பிறகு நான் பார்த்தும் பயனில்லை. சைலன்சரைக் கழற்றி அந்தத் துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். வழவழப்பாக இருந்தால் இன்ஜின் பிழைத்தது என்று பொருள், செலவு செய்வதில் தவறில்லை. அப்படியே சைலன்சர் வாயில் இருக்கும் கம்பி வலையில் கரி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்ரோல் எங்கே வாங்குகிறீர்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்?

முந்திரித்தோப்பு, காடாம்புலியூர்:

மிக்க நன்றி. நாளைக் காலை பார்த்துவிட்டு எழுதுகிறேன். பெட்ரோலைப் பொறுத்தவரை, புதுச்சேரிப் பக்கம் போகும்போது விலை குறைவு என்பதால் கேனில் வாங்கி வந்து ஆயில் கலந்து வைத்துவிடுவேன். இப்போது இருப்பது இரண்டு மாதத்துக்கு முந்தையது.

பாகூர் பட்டறை:

லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்து மெஷினுக்கு வினை தேடியிருக்கிறீர்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் கடற்கரை ஊர்களின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து கேனின் அடியில் தங்கிவிடும். அந்த நீரோடு 2டி ஆயில் கலக்காது. பழைய வகை ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சவ்வையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். பெயர் பெற்ற பெரிய கம்பெனிகளே செயின்சாவுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றுதான் கையேட்டில் எழுதுகின்றன. நாம் ஊற்றுவதோ அதைப்போல் இரு மடங்கு. வேறு வழியில்லை என்பதால், இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. கேனில் இருப்பதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள்.

சவுக்குக்காரர், குறிஞ்சிப்பாடி:

இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நம் ஊரில் செயின்சா வாங்குகிறவர் முதலில் கேட்பது எத்தனை சி.சி. என்பதைத்தான், மரம் எத்தனை பருமன் என்பதை யாரும் கேட்பதில்லை. நான்கைந்து ஆண்டுச் சவுக்கை வெட்டுகிற எனக்கு 58 சி.சி. தேவையே இல்லை. ஏழு ஆண்டுகளாக எக்கோ சிஎஸ்-310 வைத்திருக்கிறேன். ஜப்பானியக் கம்பெனி, 30.5 சி.சி.; எடை ஏறத்தாழ 4 கிலோ. பக்கத்துத் தோப்புக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு விளையாட்டுச் சாமானா என்று கேட்டார்கள், பிறகு அவர்களே இரவல் கேட்டு வந்தார்கள். இதுவரை மாற்றியவை பிளக், பெட்ரோல் ஃபில்டர், ஒரு ஸ்டார்ட்டர் கயிறு, செயின்கள், அவ்வளவுதான். முந்திரிக் கவாத்துக்கு இந்த அளவு போதும். பலாவின் அடிமரத்தை அறுப்பதென்றால் மட்டும் 45 முதல் 50 சி.சி. வரை போகலாம். கனமான மெஷினைத் தோள் உயரத்தில் தூக்கிப் பிடித்துக் கிளை அறுப்பது ஆபத்து என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இத்தாலியில் எமாக் கம்பெனி செய்யும் ஓலியோ-மாக் மெஷின்களையும் பார்க்கலாம். மகிட்டா பெட்ரோல் மெஷின் மலிவாக எங்காவது கண்ணில் பட்டால் கொஞ்சம் யோசியுங்கள். 1927-இல் பெட்ரோல் செயின்சா செய்து பெயர் பெற்ற ஜெர்மனியின் டோல்மார் கம்பெனியை மகிட்டா 1991-இல் வாங்கியது. அந்த வழியில் வந்த மெஷின்கள் உண்மையிலேயே நல்லவை, பேசப்பட்டதைவிடத் தரமானவை. ஆனால் 2022 மார்ச்சோடு மகிட்டா பெட்ரோல் இன்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், இன்று கடையில் இருப்பது பழைய சரக்கு. பாகம் கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ளாமல் பணம் கட்ட வேண்டாம்.

எந்தக் கம்பெனியானாலும் பெயரைவிட முக்கியமானது, கடலூரிலோ விழுப்புரத்திலோ அதன் கார்புரேட்டர் சவ்வை எடுத்துக் கொடுக்கக்கூடிய ஆள் இருக்கிறாரா என்பதுதான். வாங்கும் முன்பே கடைக்குப் போய் பெட்ரோல் ஃபில்டரும் செயினும் கேட்டுப் பாருங்கள். "நாளைக்கு வரும்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

மரவாடி, வில்லியனூர்:

எல்லோரும் இளப்பமாகப் பேசும் 58 சி.சி. மெஷினுக்காக நான் வாதாடுகிறேன். இவை ஸெனோவா என்ற ஜப்பானியக் கம்பெனியின் பழைய மெஷினைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள். மூல அமைப்பு உறுதியானது. நகலெடுத்தவர்கள் கைவைத்துக் குறைத்தது ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும்தான். குழாய், பிரைமர் பல்ப் (ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் ஏற்ற அமுக்கும் ரப்பர் குமிழ்), பெட்ரோல் ஃபில்டர் ஆகிய மூன்றையும் வாங்கிய அன்றே நல்லதாக மாற்றிவிட்டால் அது பல ஆண்டு உழைக்கும் என்பதற்கு என்னிடம் இருக்கும் இரண்டு மெஷின்களே சாட்சி. எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும் மெஷின் என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை.

ஆனால் 22 அங்குல பாரைக் கழற்றிவிடுங்கள். விற்பதற்காகப் போட்ட நீளம் அது. அவ்வளவு நீளச் செயினை இழுத்தே இன்ஜின் களைத்துப்போகும். 18 அங்குலம் போட்டால் அதே மெஷின் வேறு மெஷின்போல் அறுக்கும். பாருக்குப் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அதிலுள்ள கசடு ஆயில் பம்பை அடைத்துவிடும், அறுக்கும்போது தெறிப்பதெல்லாம் நம் மேல்தான் விழுகிறது.

செயினை எப்போது தீட்டினீர்கள்? புயலில் விழுந்து மண்ணில் புரண்ட மரத்தின் பட்டையில் மணல் ஏறியிருக்கும். அதில் ஒரு முறை ஓடினாலே கூர் போய்விடும். விழும் தூளை ஒரு கை அள்ளிப் பாருங்கள். மாவாக இருந்தால் செயின் மழுங்கிவிட்டது, அவல்போல் இருந்தால் கூராக இருக்கிறது. உங்கள் செயின் பெரும்பாலும் .325 அங்குல அளவாக இருக்கும், அதற்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம் வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் 30 பாகைச் சாய்வில், வெளிப்பக்கம் நோக்கி மட்டும், ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஐந்து என்று இழுத்தால் அறுப்பு வளைந்து போகும்.

முந்திரித்தோப்பு, காடாம்புலியூர்:

பார்த்துவிட்டேன். பத்தாவது நிமிடம் வழக்கம்போல் நின்றது. மூடியைக் கால் திருகு திருப்பியதும் பாம்பு சீறுவதுபோல் 'உஸ்' என்றது. இறுக்கிவிட்டு இழுத்தேன், இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. டேங்கிலிருந்து வரும் குழாய்களைத் தொடர்ந்து போய் வெண்டைக் கண்டுபிடித்தபோது, அதன் வாய் கறுத்த பசைபோல் மூடிக் கிடந்தது. முந்திரித் தூளும் ஆயிலும் செம்மண்ணும் சேர்ந்த பசை. பெட்ரோல் குழாய் நசுக்கினால் திரும்பி எழாத அளவுக்கு ஊறி உப்பியிருந்தது. பண்ருட்டியிலேயே குழாய், ஃபில்டர், வெண்ட் எல்லாம் கிடைத்துவிட்டன. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்ததில் பிஸ்டனில் கீறல் இல்லை.

கேனிலிருந்து ஊற்றி வைத்த பாட்டிலின் அடியில் அரை விரல் உயரத்துக்குத் தனியாகப் பிரிந்து நின்றது. இவ்வளவு நாள் மேலாக இருந்ததை ஊற்றியதால் தப்பித்திருக்கிறேன் போலும்.

18 அங்குல பார் வந்ததும் தெற்கு மூலையில் மூன்று பெரிய கிளைகளை அறுத்தேன். நாற்பது நிமிடம் ஓடியது; பெட்ரோல் தீர்ந்துதான் நின்றது. புதிய செயின் என்பதால் அவல் விழுந்தது. கவாத்துக்கென்று சிறிய எக்கோ ஒன்றை அறுவடைப் பணம் வந்ததும் பார்க்கிறேன், அதுவரை இதுவே ஓடட்டும்.

மரவாடி, வில்லியனூர்:

பழைய செயினை எறிந்துவிடாதீர்கள். அரம் பிடித்துப் பழக அதுதான் சரி.