இன்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது: கையேட்டுக் கணக்குப்படியா, அதற்கு முன்பேயா?

நெடுவழி:
கார் தயாரித்தவர்களின் கையேடு, 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயிலை மாற்றச் சொல்லும்போது, 5,000 கிலோமீட்டரிலேயே அதை வடித்துக் கொட்டுவது வீண் செலவு என்பதே என் வாதம். அந்த 5,000 கணக்கு, மினரல் ஆயிலும் கார்புரேட்டரும் இருந்த காலத்துப் பழக்கம். ஆயில் கறுத்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னதும் பலர் பதறிப்போகிறார்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிய கொஞ்ச தூரத்திலேயே கறுத்துவிடும். புகைக்கரி ஓரிடத்தில் படிந்து கட்டியாகிவிடாமல் அதை மிதக்கவிட்டு வைத்திருக்கவே ஆயிலில் ரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. கறுப்பு நிறம் அவை வேலை செய்வதற்கான அடையாளமே தவிர, ஆயில் கெட்டதற்கான அடையாளம் அல்ல.

பிஸ்டன்:
நிறத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே கையேட்டில், கடினமான பயன்பாட்டுக்கென்று இன்னோர் அட்டவணையும் பெரும்பாலும் இருக்கும். அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. தினமும் மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடி நின்றுவிடும் காரில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் ஆயிலில் கலக்கிறது. நன்றாகச் சூடேறினால் ஆவியாகிப் போய்விடக்கூடிய இவை இரண்டும் அப்படியே தங்கி, ஆயிலை நீர்க்கச் செய்து, அமிலத்தையும் கசடையும் வளர்க்கின்றன. அமிலத்தை முறிக்கும் சேர்மானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டே போகும்.

நெரிசலையும் சேர்த்துப் பாருங்கள். சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓடிய கார் 500 மணி நேரம் இயங்கியிருக்கும். மணிக்கு 60 என்றால் ஏறக்குறைய 167 மணி நேரம்தான். மீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண். ஆயிலுக்கு இரண்டும் ஒன்றா?

நெடுவழி:
ஒன்றல்ல. அதனால்தான் பல புதிய கார்களில், இன்ஜின் சூடு, சுழற்சி வேகம், எத்தனை முறை ஸ்டார்ட் செய்யப்பட்டது என்பவற்றையெல்லாம் கணக்கிட்டு, ஆயிலின் மீதி ஆயுளைத் திரையில் காட்டுகிறார்கள். கணினி கணக்குப் போடும்போது எல்லோருக்கும் பொதுவாக 5,000 என்று விதிப்பது ஏன் என்பதுதான் என் கேள்வி.

கியர்பெட்டி:
இவ்வளவு குழப்பம் எதற்கு? கையேடு 0W-20 என்ற இளகிய ஆயிலைக் கேட்டாலும், கெட்டியான 20W-50 ஊற்றிவிட்டால் தேய்மானம் குறையும், அதிக நாளும் தாங்கும் அல்லவா?

பிஸ்டன்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஓடும்போது, அது தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லை. தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழல்கிறது. அந்தப் படலம் உருவாக வேண்டுமென்றால், ஸ்டார்ட் செய்ததும் பம்ப் ஆயிலை, மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் வரை தாமதமின்றிக் கொண்டுபோக வேண்டும். W-க்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும் (எண் குறையக் குறைய நன்றாக ஓடும்), பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பிசுப்பையும் குறிக்கின்றன. குளிரில் கெட்டித்துப்போகும் ஆயில் மேலே போய்ச் சேரும்வரை உலோகம் உலோகத்தோடு உரசும். மேலும், இன்றைய இன்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்த, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டும் அதே ஆயிலை நம்பித்தான் இருக்கிறது. எந்தத் தடிமனுக்காக அந்த நுண்துளைகளையும் இடைவெளிகளையும் வடிவமைத்தார்களோ, அதைத்தான் ஊற்ற வேண்டும்.

நெடுவழி:
இதில் பிஸ்டன் அவர்களோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்று வாதாடும் பலர், இடைப்பட்ட காலத்தில் பானெட்டைத் திறப்பதே இல்லை. ஆயிலைக் குடிக்கும் இன்ஜினில் மாற்றும் நாள் வருவதற்குள், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப் பாதி காலியாகிவிடலாம். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான கார்களில் அது காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. ஓடும்போது அது எரிந்தால் ஓரங்கட்டி உடனே அணைக்க வேண்டும். வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் பேரிங் போய்விடும்.

கியர்பெட்டி:
என் டீசல் காரில் ஆயில் குறையவில்லை, மாறாக மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறது. அப்படியானால் நல்லதுதானே?

பிஸ்டன்:
நல்லதல்ல. உங்கள் காரில் புகைக்கரி வடிகட்டி இருந்து, நீங்கள் குறுகிய தூரமே ஓட்டுபவராகவும் இருந்தால், அந்த வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசல் ஆயிலில் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. நீர்த்த ஆயிலில் படலம் நிற்காது. அளவு மீறினால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரைக்கவும் வைக்கலாம். நெடுவழி அவர்களிடம் நான் வாதிடுவதும் இதைப் பற்றித்தான்: இப்படிப்பட்ட காருக்கு 15,000 என்ற எண் பொருந்தவே பொருந்தாது. மீட்டரைப் பார்க்காமல், ஃபில்டரோடு சேர்த்து இந்த வாரமே மாற்றிவிடுங்கள். ஆயில் ஏறியதற்கான காரணத்தையும் பரிசோதித்துவிடச் சொல்லுங்கள்.