வன்னியில் ஐந்தாறு நாள் தனிய இருந்து எழுத, வரைய: எப்ப போறது, எங்க தங்கிறது?

தாழைமடல்:
ஆகஸ்ட் பள்ளிக்கூட லீவில ஐந்தாறு நாள் வன்னிப் பக்கம் தனியப் போய் இருக்க யோசிக்கிறன். சுற்றுலா இல்லை. நித்திரை, நடை, கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் நீர்வர்ணம். கொழும்பு வெள்ளவத்தையில இருந்து வாறன், வாகனம் இல்லை. குளத்துக்குக் கிட்ட ஒரு வீடு எண்டால் விருப்பம். பொம்பிளை ஒராள் தனிய இருக்கக்கூடிய மாதிரி எப்பிடி இடம் பார்க்கலாம்? ஆகஸ்ட் சரிவருமோ? போனை முழுக்க நிப்பாட்டி வைக்கலாமோ?

குளக்கட்டு:
தங்கச்சி, இடத்துக்கு முதல் மாதத்தை யோசியுங்கோ. ஆகஸ்டில வெக்கை உச்சம். சோளகக் காத்து அடிச்சு மண் பறக்கும், குளங்கள் வத்திக் கரை சேறாக் கிடக்கும். அதை விடப் பெரிய தொல்லை சத்தம். இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் சிறுபோக நெல் அருவி வெட்டு அந்த நேரத்திலதான் வரும். அறுவடை மெசின் இரவிலயும் ஓடும், றோட்டு முழுக்க நெல் காயும். அமைதி தேடிப் போறவைக்கு அது தலையிடி.

நல்ல காலம் தை நடுவில இருந்து மாசி முதல் பாதி வரை. மழை ஓய்ஞ்சிருக்கும், குளம் நிரம்பி நிக்கும், விடியப் பனி விழும். பெப்ரவரி 4 சுதந்திர தின லீவோட இரண்டு மூண்டு நாள் சேர்த்து எடுக்க முடியுமோ பாருங்கோ. அதுக்குப் பிறகு காலபோக வெட்டுத் தொடங்கிவிடும். கார்த்திகை, மார்கழி வேண்டாம். குளம் நிரம்பி வான் பாய்ஞ்சால் உள் றோட்டுகள் மூடுப்படும், ஒதுங்கப் போன இடத்தில அகப்பட்டுக்கொண்டு நிக்கவேண்டி வரும்.

ஆகஸ்ட்தான் முடியும் எண்டால் 15ஆம் திகதிக்குப் பிறகு வாங்கோ. அதுவரை மடு மாதா கோயில்த் திருவிழாச் சனத்தால பஸ்ஸும் ரெயினும் நிரம்பி வழியும். வீட்டுக்காரரிட்ட முற்பணம் குடுக்க முதல் மூண்டு கேள்வி கேளுங்கோ: பக்கத்து வயல் எப்ப வெட்டு? கிட்ட இருக்கிற கோயில்த் திருவிழா எப்ப? வீட்டில நெல் மூட்டை அடுக்கிக் கிடக்கோ? முதல் இரண்டும் சத்தத்துக்கு. பத்து நாள் திருவிழா எண்டால் விடிய நாலரைக்கே லவுட்ஸ்பீக்கர் பாடும். மூண்டாவது யானைக்கு. நெல் மணத்துக்கு அது சுவரையே இடிக்கும். பழுத்த பிலாவும் வாழைக்குலையும் முத்தத்தில நிண்டாலும் இதே கதைதான்.

பாலைநிழல்:
குளக்கட்டு அண்ணை மாதத்தைச் சொல்லிப்போட்டார். நான் வீட்டைச் சொல்லுறன்.

தனி வீடு எடுக்காதேங்கோ. ஒரே வளவுக்குள்ள குடும்பம் ஒண்டு இருக்கவேணும், அதில வயது வந்த பொம்பிளை ஒராள் இருக்கவேணும், உங்கட அறைக்கு உள்பக்கக் கொண்டி இருக்கவேணும். மலசலகூடம் வெளியில எண்டால் அங்க வரைக்கும் லைட் எரியுதோ எண்டு கேளுங்கோ. யார் வந்து நிக்கினம் எண்டு விதானைக்கு (கிராம அலுவலருக்கு) ஒரு சொல் சொல்லி வைக்கச் சொல்லுங்கோ. ஊரில ஆரும் விசாரிச்சால் வீட்டுக்காரர் மறுமொழி சொல்ல லேசு.

சொந்தக்காரர் இருக்கிற ஊரைத் தவிருங்கோ, இது முக்கியம். மாமி சாப்பாட்டுக்குக் கூப்பிடுவா, சித்தப்பா மோட்டார் சைக்கிளோட வந்து நிப்பார், போகாட்டிக் கோவிப்பினம். ஓய்வெடுக்க எண்டு வாற கனபேருக்குக் கிழமை முழுக்க விருந்திலயே போயிடும்.

யாழ்தேவி ரெயினில வந்து மாங்குளத்தில இறங்கினால் முல்லைத்தீவு றோட்டால ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் போகலாம். மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர், பஸ் இருக்கு. உள்ளுக்குப் போகப் போக ஓட்டோ கிடைக்கிறது குறைவு. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஓட்டோக்காரர் ஒராளின்ர நம்பரை முதலே வாங்கி வையுங்கோ, இருட்ட முதல் போய்ச் சேருற மாதிரிப் பயணத்தைப் போடுங்கோ. தனிய நடக்க விருப்பம் குறைவு எண்டால் மடுக் கோயிலடி திருவிழா இல்லாத நாளில நல்ல இடம். காட்டுக்கு நடுவில, யாத்திரிகர் தங்க வசதியோட இருக்கு. குளம்தான் வாசலில இராது.

சமையல் நீங்கள் செய்யாதேங்கோ. குசினிக்குள்ள போனால் அரை நாள் போயிடும். வளவுக்காரரிட்ட மத்தியானச் சோறும் இரவுக்குப் பிட்டோ இடியப்பமோ பேசி எடுங்கோ. எத்தனை மணிக்கு எண்டும் பேசுங்கோ, இல்லாட்டி எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில கதவு தட்டுப்படும். காலமைக்கு வாழைப்பழம், எருமைத் தயிர், பாணி போதும். கன இடத்துக் கிணத்துத் தண்ணி சவர் அல்லது கல்லுத் தண்ணி. குடிக்க வடிகட்டின தண்ணி வாங்குங்கோ. ஆகஸ்டில ஒராளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர் கணக்கு வைச்சால் ஆறு நாளுக்கு 5 லீற்றர்க் கான் நாலு. ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள்) நாலு பக்கற்றும் பையில கிடக்கட்டும், ஒண்டு ஒரு லீற்றர் தண்ணிக்கு.

குளக்கட்டு:
நடையைப் பற்றிச் சொல்ல விட்டிட்டன். குளக்கட்டில நடக்கிற நேரம் விடிய ஆறரைக்குப் பிறகு, பின்னேரம் ஐந்தரைக்குள்ள. பொழுது படேக்க யானை தண்ணிக்கு இறங்கும், ஆகஸ்டில காடு காய்ஞ்சு கிடக்கிறதால இன்னும் வெள்ளெண. மின்சார வேலி கண்டால் தாண்டாதேங்கோ, தொடாதேங்கோ.

குளத்துக்க இறங்கிக் குளிக்கிற எண்ணம் இருந்தால் விடுங்கோ. முதலை இருக்கு. துருசடியில (தண்ணி திறந்து விடுற மதகடியில) தண்ணி மேல அமைதியாத் தெரியும், அடியில இழுவை பொல்லாதது. ஊர்ச்சனம் குளிக்கிற வாய்க்கால்ப் படியில, அவை குளிக்கிற நேரத்தில குளியுங்கோ. காலில காயம் இருந்தால் வயல்த் தண்ணிக்க இறங்காதேங்கோ, எலிக்காய்ச்சல் வரும்.

மிதிவெடி இன்னும் முழுக்க அகற்றி முடியேல்லை. சிவப்புப் பலகையில மண்டையோடு போட்டிருந்தால் அதுக்கு அங்கால ஒரு அடியும் வையாதேங்கோ. பலகை இல்லாட்டியும் பழகின வண்டில்ப் பாதையை விட்டு விலகாதேங்கோ, வடிவான துண்டு இரும்பு எண்டு எதையும் குனிஞ்சு எடுக்காதேங்கோ. இராணுவ முகாம் பக்கம் படம் எடுக்கவும் வேண்டாம், வரையவும் வேண்டாம்.

இரவில நிலத்தில படுக்காதேங்கோ. கட்டுவிரியன் பாம்பு இரவில வீட்டுக்க வரும், நித்திரையில கடிச்சால் நோவே பெரிசாத் தெரியாது. கட்டில், நுளம்புவலை, வலையின்ர விளிம்பு மெத்தைக்குக் கீழ செருகி. வெளியில போக ரோர்ச்சும் மூடின சப்பாத்தும். கடிச்சால் கட்டுறதும் இல்லை, கீறுறதும் இல்லை. அந்தக் கை காலை ஆட்டாமல் வைச்சு 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ. மாங்குளத்தில ஆதார வைத்தியசாலை இருக்கு. அதால போனை நிப்பாட்டவே கூடாது.

மைப்புள்ளி:
போனை நிப்பாட்டத் தேவையில்லை, இணையத்தை நிப்பாட்டினால் காணும். பட்டன் போன் ஒண்டுக்குச் சிம்மை மாத்திக்கொண்டு வாங்கோ. வீட்டுக்கு ஒரு நேரம் சொல்லுங்கோ, இரவு ஏழு மணி எண்டு, பத்து நிமிசம். மற்ற நேரம் அவசரம் எண்டால் மட்டும்.

இனி எழுத்து. முதல் இரண்டு நாளும் ஒண்டும் வராது. நித்திரைதான் வரும், படுங்கோ. அந்த இரண்டு நாளில மேசைக்கு முன்னால குந்தியிருந்து மல்லுக்கட்டுற ஆக்கள் மூண்டாம் நாள் பெட்டி கட்டுவினம். மூண்டு நாள் லீவில இது சரிவராததுக்குக் காரணமும் இதுதான். இன்னொண்டு, இதுதான் சாட்டு எண்டு தேத்தண்ணி குடிக்கிறதையும் சேர்த்து நிப்பாட்டாதேங்கோ. இரண்டாம் நாள் தலை இடிக்கும், ஊரில பிழை எண்டு நினைப்பியள்.

வேலை நேரம் விடிய ஐந்தரையில இருந்து ஒன்பதரை. பத்துக்குப் பிறகு வெக்கையில மூளை ஓடாது, மத்தியானம் படுத்து எழும்பினால் நாலு மணி. நாலு மணித்தியாலம் குறைவில்லை. கையால, ஒற்றைக் கொப்பியில, ஒரே ஒரு வேலை. ‘நாவலும் பாப்பம், கவிதையும் பாப்பம்’ எண்டு வந்தால் இரண்டும் இல்லை. எழுதி முடிக்கேக்க அடுத்த வசனம் தெரிஞ்சாலும் எழுதாமல் விட்டிட்டு எழும்புங்கோ, அடுத்த நாள் தொடங்க லேசு. வாசிக்க ஒரு புத்தகம் போதும்.

நீர்வர்ணத்துக்கு 300 கிராம் தடிப்புத் தாள், பலகை, நாலு பக்கமும் கிளிப். சோளகத்தில கிளிப் இல்லாமல் தாள் நிக்காது. ஆகஸ்டில சாயம் கண்ணுக்கு முன்னால காய்ஞ்சு விளிம்பு கட்டும். தாளின்ர பின்பக்கத்தையும் ஈரமாக்கிப் பலகையில ஒட்டி வைச்சு, சின்னத் துண்டில, கால் பக்க அளவில வரையுங்கோ. தை மாதத்தில நேர் மாறு, விடியப் பனியில காயவே காயாது, ஒன்பது மணி வெயில் வேணும்.

ஆக்களோட கதைக்கிறது பற்றியும் ஒண்டு. பேசாமல் அறைக்குள்ள கிடக்கத்தான் வேணும் எண்டால் கொழும்பிலயே கிடக்கலாம். பின்னேரம் தேத்தண்ணிக் கடையடியில இருந்து மழை, மாடு, விளைச்சல் கதைக்கலாம், வலை பின்னுறவரோட இருக்கலாம். ஆனால் சண்டைக்கால இழப்புகளைத் தோண்டிக் கேட்டு, அதைக் கொப்பியில ஏத்திக்கொண்டு போறதுக்கு வராதேங்கோ. அவையாச் சொன்னால் கேளுங்கோ. கேக்கேக்க பேனையை மூடி வையுங்கோ.

தாழைமடல்:
பெப்ரவரிக்கு மாத்துறன். முத்தையன்கட்டுப் பக்கம் பார்க்கிறன். கரண்ட் போனால் இரவில என்ன செய்யிறது? பவர் பாங்க் காணுமோ?

பாலைநிழல்:
பட்டன் போனுக்குக் காணும். பெப்ரவரி இரவில குளிர்தான், காற்றாடி தேவைப்படாது, போர்வை கொண்டு வாங்கோ. சார்ஜ் பண்ணுற ரோர்ச் ஒண்டும் பற்றரி போடுற ரோர்ச் ஒண்டும். மெழுகுதிரியை நுளம்புவலைக்குக் கிட்டக் கொளுத்தாதேங்கோ. பற்றரியை மட்டும் மாங்குளத்திலயே வாங்குங்கோ, உள்ளுக்க இருக்கிற கடையில கிடக்கிறது எப்ப வந்ததோ தெரியாது.