சாவியைத் திருப்பாதே, மாப்பிள்ளை

காலை 6:12
தம்பி: வெள்ளம் வடிந்துவிட்டது. காரின் முன்பக்க விளக்குகளுக்கு மேலே சேற்றுக் கோடு தெரிகிறது. [படம்] உள்ளே இருக்கைகள் வரை ஈரம்.

6:13
அத்தை: நீங்கள் எல்லோரும் நலம்தானே? அது போதும். வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

6:15
பெரியப்பா: பேட்டரி இறங்கியிருக்கும். இரண்டு பேர் தள்ளட்டும், இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விடு. எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

6:16
மாமா: வேண்டாம்! சாவியும் வேண்டாம், தள்ளுவதும் வேண்டாம். மாப்பிள்ளை, இதைப் படித்ததும் பதில் போடு.

6:16
தம்பி: படித்துவிட்டேன் மாமா.

6:21
மாமா: விளக்குக்கு மேலே தண்ணீர் ஏறியிருந்தால் காற்று இழுக்கும் குழாய் வழியாக எஞ்சினுக்குள்ளும் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வருகிற பிஸ்டன் தண்ணீரில் முட்டும், அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். உன் கார் 1200 சிசி, நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் இடம் 300 மில்லி. அதிலும் அதற்கு மேலே மிஞ்சும் இடத்திலும் உள்ள காற்று சேர்ந்து பத்தில் ஒரு பங்காக அமுங்குகிறது என்று வைத்துக்கொள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 33 மில்லிதான். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதற்கு மேல் போனால் பூட்டிக்கொள்ளும்.

6:24
பெரியப்பா: என் டீசல் வண்டியைத் தண்ணீரில் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேனே, ஒன்றும் ஆகவில்லையே?

6:26
மாமா: அண்ணா, அது சக்கரம் பாதி மூழ்குகிற தண்ணீர். காற்றுக் குழாய்க்கு எட்டியிருக்காது. எட்டியிருந்தால் டீசலுக்குத்தான் ஆபத்து கூடுதல். அதில் காற்று இன்னும் அதிகமாக அமுங்கும், மேலே மிஞ்சும் இடம் இன்னும் குறைவு. தள்ளி ஸ்டார்ட் செய்வது சாவியைத் திருப்புவதைவிட மோசம். காரின் முழு எடையும் சேர்ந்து அந்த ராடை நெரிக்கும்.

6:31
அக்கா: தம்பி, எதையும் துடைப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடு. சேற்றுக் கோடும் மீட்டரும் தெரியட்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இப்போதே தகவல் சொல். வெள்ளத்துக்குப் பிறகு ஸ்டார்ட் செய்து கெடுத்த எஞ்சினுக்குப் பல பாலிசிகளில் பணம் தர மாட்டார்கள்.

6:33
மாமா: சரியாகச் சொன்னாய். படம் எடுத்ததும் பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்று. பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்.

6:52
தம்பி: ஃபில்டர் நனைந்து சுருங்கிக் கிடக்கிறது. அடியில் சேறு. ஆனால் ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன், ஆயில் சுத்தமாக இருக்கிறது. நல்ல செய்திதானே மாமா?

6:54
மாமா: நிறத்தை நம்பாதே. எஞ்சின் ஓடிக் கலக்கினால்தான் ஆயில் பால் போல வெளுக்கும். ஓடாத எஞ்சினில் தண்ணீர் ஆயிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மட்டம் எங்கே நிற்கிறது?

6:55
தம்பி: மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு.

6:55
மாமா: அப்படியானால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

7:03
தம்பி: மாமா, ஒன்று சொல்ல வேண்டும். இங்கே செய்தி போடுவதற்கு முன்பே ஒருமுறை சாவியைத் திருப்பிவிட்டேன். டக் என்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. பயத்தில் சொல்லவில்லை.

7:04
அத்தை: யாரும் திட்ட மாட்டார்கள் கண்ணா. சொன்னது நல்லது.

7:08
மாமா: எஞ்சின் ஓடவே இல்லை அல்லவா? அப்படியானால் நம்பிக்கை உண்டு. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், ஓடுகிற எஞ்சினின் வேகம் அதற்கு இல்லை. ஆனாலும் சோதிக்காமல் விடக்கூடாது. லேசாக வளைந்த ராடோடும் வண்டி ஓடும், சில வாரம் கழித்து முறிந்து எஞ்சினின் உடலான பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். என் முதல் கார் அப்படித்தான் போனது. மெக்கானிக் இன்றே வரட்டும். தாமதித்தால் சிலிண்டர் சுவரில் துருப் பிடிக்கும்.

மதியம் 1:40
தம்பி: மெக்கானிக் வந்துவிட்டார். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றினார். இரண்டாவது, மூன்றாவது துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டது.

1:42
மாமா: தடையில்லாமல் சுற்றுகிறதா? முழுதாக இரண்டு சுற்று வர வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது துளை வழியே மெல்லிய கம்பியை விட்டு ஆழத்தை அளக்கச் சொல். வளைந்த ராட் இருந்தால் அந்தப் பிஸ்டன் மட்டும் தாழ்ந்து நிற்கும்.

2:15
தம்பி: நான்கும் ஒரே அளவு மாமா!

2:15
அத்தை: அப்பாடா.

2:19
மாமா: மகிழ்ச்சி மாப்பிள்ளை. சிலிண்டர்களில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி கையால் சுற்றட்டும். அடியிலுள்ள ஆயிலை இறக்கும்போது முதலில் தண்ணீர்தான் வரும், பயப்படாதே. புது ஆயில், புது ஆயில் ஃபில்டர். கியர் ஆயிலும் பெட்ரோல் டாங்கும் பார்க்கட்டும். இருக்கைக்கு அடியில் ஏர்பேக் இணைப்புகள் இருக்கும், அவை காயாமல் பேட்டரியை மாட்டக்கூடாது. எஞ்சின் சில நிமிடம் ஓடியதும் நிறுத்தி, அந்தப் புது ஆயிலையும் மாற்றச் சொல்.

2:21
தம்பி: புது ஆயிலையுமா?

2:21
மாமா: ஆமாம். மிச்சத் தண்ணீர் அதில் கலந்திருக்கும். கையோடு புது ஃபில்டரையும்.