கல்யாணச் சாமானில் லூயி விட்டான் பை கேட்கிறாள் மகள், அந்த விலைக்கு அது தகுமா?

தேவகோட்டை ஆச்சி:

எல்லாருக்கும் வணக்கம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். போன வாரம் சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தோம். வெள்ளிச் சாமான் பக்கம் வந்ததும் அவள், "அம்மா, அந்தப் பெரிய வெள்ளிக்குடம் வேண்டாம், லாக்கரில்தானே கிடக்கப்போகிறது, அதுக்குப் பதிலா எனக்கு ஒரு நெவர்ஃபுல் வாங்கிக் கொடு" என்றாள். நெவர்ஃபுல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, லூயி விட்டான் கம்பெனியின் கைப்பையாம். பெங்களூர் யு.பி. சிட்டியில் கடை இருக்கிறது, அவள் பார்த்துவிட்டே வந்திருக்கிறாள். விலை ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட என்கிறாள். எப்போதும் நிறையாது என்று பேரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அது பைக்கா பர்சுக்கா தெரியவில்லை.

அவள் அப்பச்சி, அதான் என் வீட்டுக்காரர், பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போனவர் ராத்திரிதான் வந்தார். என் மாமியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அது எத்தனை பவுனு?"

நான் சண்டைக்காகக் கேட்கவில்லை. அவள் சம்பாதிக்கிற பெண், ஆசைப்படுவதில் தப்பில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அந்த விலைக்கு உள்ளே என்ன இருக்கிறது? நல்ல தோலா, எத்தனை வருசம் வரும், பின்னாடி ஒரு அவசரத்துக்கு விற்றால் காசு தேறுமா?

பைக்காரன்:

ஆச்சி, நமக்கு ஊர் காரைக்குடிப் பக்கம் புதுவயல்தான். சென்னையில் ஏற்றுமதிக்குத் தோல் பை தைக்கிற கம்பெனியில் 11 வருசம் இருந்தேன், இப்போது தனியாகப் பழுது பார்க்கிறேன். வாரத்துக்கு ரெண்டு மூன்று இந்த மாதிரிப் பை என் மேசைக்கு வரும், அசலும் வரும் நகலும் வரும்.

முதல் விஷயம், பழுப்பு நிறத்தில் அந்த எழுத்தும் பூவும் போட்ட பை தோலே இல்லை. பருத்தித் துணி, அதன்மேல் பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பூச்சு. கைப்பிடியும் ஓரப் பட்டையும் மட்டும்தான் தோல். அந்த எழுத்து டிசைனை நிறுவனரின் மகன் ஜார்ஜ் 1896இல் கொண்டுவந்ததே போலிக்காரர்கள் தொல்லை தாங்காமல்தான். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு தொங்குவது அதன் போலிதான், பாவம். துணி என்பதால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், கனமில்லை, மழைக்குத் தாங்கும், நன்றாக உழைக்கும். தொல்லை கைப்பிடியில்தான். அது பதனிட்டதோடு சரி, மேல்பூச்சு எதுவும் இல்லாத தோல், புதுசில் சந்தன நிறமாக இருக்கும், போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும். அது அழகுதான். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வட்டமாகக் கறை நின்றுவிடும். சித்திரை வெயிலில் வியர்வைக் கையோடு பிடித்தால் பிடித்த இடம் மட்டும் கறுத்துப்போகும். பட்டையை மாற்றித் தருவார்கள், அதற்குத் தனிக் காசு.

இன்னொன்று, வாங்குகிறவர்கள் நிறையப் பேர் கவனிப்பதில்லை. நெவர்ஃபுல்லுக்கு மேலே ஜிப்பு கிடையாது. நடுவில் ஒரு கொக்கி மட்டும். வாய் பிளந்தபடிதான் இருக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பொங்கல் கூட்டத்தில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள்.

தையலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், விலைக்கு ஏதாவது நியாயம் இருந்தால் அது அங்கேதான். மிஷின் தையலில் மேல்நூல் ஒன்று, அடிநூல் ஒன்று, இரண்டும் கோத்துக்கொண்டு போகும். ஒன்று அறுந்தால் அங்கிருந்து வரிசையாக விட ஆரம்பிக்கும். எர்மேஸ் கம்பெனியின் பர்கின் பை மாதிரி கையால் தைக்கிற பைகளில் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று இழுப்பார்கள். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பெனி குதிரைச் சேணம் தைத்து வந்த கம்பெனி, 1837இல் ஆரம்பித்தது, அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒரு பையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள் தைப்பார். ஆனால் ஆச்சி, பெரிய பெயர் என்றால் எல்லாமே இப்படி என்று எண்ண வேண்டாம். 2024இல் இத்தாலியில் மிலான் நீதிமன்றத்துக்கு வந்த விவகாரம் ஞாபகம் இருக்கலாம், தியோர் என்ற பெரிய பிரெஞ்சுக் கம்பெனியின் பை ஒன்றைத் தைத்துக் கொடுக்கிற துணை ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்தது 53 யூரோ, கடையில் அதன் விலை 2,600 யூரோ. அந்த 53இல் தோல் விலை சேரவில்லை, அதையும் சொல்ல வேண்டும், பட்டறைக்காரன் பக்கம் மட்டும் பேசக் கூடாது. டிசைன், கடை வாடகை, விளம்பரம் என்று இன்னும் எத்தனையோ இருக்கிறது. அப்படியே கூட்டினாலும் மிச்சம் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

நகைக்கடையில் நாம் செய்கூலி, சேதாரம் என்று கால் சதவீதத்துக்குக்கூட மல்லுக்கு நிற்போம். இந்தப் பைக்கு ரசீதை அப்படிப் பிரித்துப் போட்டால் கிட்டத்தட்ட முழுக்கச் சேதாரம்தான். தெரிந்து வாங்கினால் சரி.

நல்ல தோல்தான் வேண்டும் என்றால் பாரிசுக்குப் போக வேண்டாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுகிற தோல் திண்டுக்கல், திருச்சிப் பக்கம் பரம்பரையாக நடக்கிறது, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் 1978இல் ஆரம்பித்த ஹைடிசைன் பைகளையும் மகளை ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குக் கமிஷன் எதுவும் இல்லை. எதை வாங்கினாலும் கைப்பிடியின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல பையில் ஓரத்துக்குச் சாயம் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசியிருப்பார்கள், விரலை ஓட்டினால் வழவழவென்று போகும். மட்டமான பையில் அந்தச் சாயம் ஆறே மாதத்தில் பட்டை பட்டையாக உரியும்.

செக்காலைக்காரி:

நான் வாங்கி அனுபவித்தவள், அதனால் சொல்கிறேன். முதல் போனசில் 90,000 ரூபாய்க்கு ஒரு பை, எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். வாங்கிய அன்றைக்கு ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன், பொய் சொல்லவில்லை.

அப்புறம் நடந்தது என்னவென்றால், அதை எடுத்துக்கொண்டு போகவே பயம். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்வேன், ஓட்டலில் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பேன். ஒரே ஒரு தடவை பிள்ளையார்பட்டிக்கு எடுத்துப் போனேன், வரிசையில் பின்னால் நின்ற அம்மாவின் அர்ச்சனைத் தட்டு சாய்ந்து உடைத்த தேங்காய்த் தண்ணீர் முழுக்கப் பையின் மேல். அவர் "ஒண்ணும் இல்லம்மா, சாமி தீர்த்தம்தான்" என்றார். நான் என்ன சொல்ல? அன்றைக்குத் துடைத்து, பிளாஸ்டிக் கவரில் நன்றாகச் சுற்றி, அப்பத்தா வீட்டு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியது ஆடி மாதம். கார்த்திகையில் திறந்தால் உள் லைனிங் பிசுபிசுவென்று கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, கறுப்பு கறுப்பாக உதிர்கிறது. கடைக்காரர்கள் இது இயல்பான தேய்மானம் என்று சொல்லிவிட்டார்கள். தேய என்ன இருக்கிறது, மொத்தமே நாலு தடவைதான் வெளியே எடுத்தேன்!

இத்தனைக்கும் பிறகு மறுபடி வாங்குவாயா என்று கேட்டால்... வாங்குவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாங்கியதும் தரையில் வைக்கிற தைரியம் வந்த பிறகு. உங்கள் மகளிடம் இதை மட்டும் கேளுங்கள் ஆச்சி, ஆபீசில் அதைக் காலடியில் வைப்பாளா என்று.

பைக்காரன்:

பிளாஸ்டிக் கவரில் சுற்றியதுதான் தப்பு தங்கச்சி. அந்த லைனிங் பி.யு., பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக், ஈரக்காற்றை உள்ளே அடைத்து வைத்தால் தானே சிதையும், எந்தக் கம்பெனி பையானாலும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளே வெள்ளைக் காகிதம் திணித்துக் காற்றாட வையுங்கள். பாச்சா உருண்டை பக்கத்தில் வேண்டாம்.

முனீஸ்வரன் கோயில் தெரு:

விற்றால் காசு தேறுமா என்று கேட்டீர்கள், அது என் தொழில். பழைய சாமான் கடை, அப்பா காலத்திலிருந்து. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் கொண்டுவந்த எனாமல் தூக்கு, கண்ணாடி, கடிகாரம் எல்லாம் என் கைவழியாகப் போயிருக்கிறது. அன்றைக்கு யாரும் பின்னால் விலை ஏறும் என்று வாங்கவில்லை, டஜன் கணக்கில் வாங்கிக் கல்யாணத்தில் சாமான் பரப்பினார்கள், அவ்வளவுதான். அதில் இன்று நல்ல விலைக்குப் போவது நூற்றில் ஏதோ கொஞ்சம். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் விலை பாதி.

பையும் அப்படித்தான். விலை ஏறுகிறது என்று பேசப்படுவது பர்கின் மாதிரி ஒன்றிரண்டு. அது 1984இல் வந்தது, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க மாட்டார்கள், அதனால்தான் அந்தக் கிராக்கி. ஜேன் பர்கின் என்ற நடிகை வைத்திருந்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்த ஒரு பையைக் காட்டி, கைப்பை ஒரு முதலீடு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நெவர்ஃபுல் எப்போது போனாலும் கடையில் கேட்டு வாங்கக்கூடிய பை, பழசு என்றால் விலை இறங்கித்தான் போகும். பில், பெட்டி, துணிப்பை மூன்றையும் பத்திரமாக வைத்தால் பம்பாய், பெங்களூர்ப் பக்கம் வாங்க ஆள் உண்டு. காரைக்குடியில்? அதைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்துப் பாருங்கள், மூடித் திறந்து பார்த்துவிட்டு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். வெள்ளிக்குடம் என்றால் நடுராத்திரி கதவைத் தட்டினாலும் எடை போட்டுக் காசு.

ஓலைக்கொட்டான்:

ரெண்டும் வேண்டாம் ஆச்சி, நம்ம ஊர் கொட்டானே போதும். பனையோலை, சாயம், மேலே மணி வைத்த பின்னல் உறை. அதுக்கும் புவிசார் குறியீடு இருக்கு!

கானாடுகாத்தான் பேத்தி:

கொட்டானில் லேப்டாப் வைக்க முடியாது அண்ணே, சும்மா இருங்க.

ஆச்சி, நான் உங்கள் மகள் பக்கம். கோபிக்க வேண்டாம். பை தகுமா என்று இத்தனை பேர் இத்தனை கணக்குப் போடுகிறீர்களே, அதே பட்டியலில் இருக்கிற மற்றதுக்கு யாராவது போட்டார்களா? என் அம்மாவுக்கு வந்த எவர்சில்வர் அண்டா இரண்டாங்கட்டு அறையில் லேபிள்கூடப் பிரிக்காமல் இருக்கிறது, வருசத்துக்கு ஒரு தடவை துடைக்க ஆள் வைத்துக் கூலி கொடுக்கிறோம். வெள்ளிக்குக் காசு திரும்பும், ஒப்புக்கொள்கிறேன். அண்டாவுக்கு? அவள் ஒரு பொருளையாவது தினமும் கையில் எடுக்கிற மாதிரி கேட்கிறாள். துணியோ தோலோ, அவளுக்குத் தெரியாமலா கேட்டிருப்பாள்?

தேவகோட்டை ஆச்சி:

எல்லாருக்கும் நன்றி. முழுவதையும் அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். தோல் இல்லை என்பது அவளுக்கு முன்பே தெரியுமாம், பேத்தி சொன்னது சரிதான். ஜிப்பு இல்லை என்பதைக் கடையில் பார்த்தும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லையாம். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வருகிறவள், இருக்கைக்குக் கீழே வாய் திறந்த பையா என்று கொஞ்ச நேரம் பேசவில்லை. காலடியில் வைப்பாயா என்று கேட்டதற்கு, "முதல் ஒரு மாசம் மாட்டேன்" என்றாள். இப்போது ஜிப்பு வைத்த வேறு ஏதோ மாடல் பார்க்கிறாள், அவள் போனசில் அவளே வாங்கிக்கொள்ளட்டும் என்று முடிவு. குடம் பட்டியலிலேயே இருக்கிறது. அண்டாவில் இரண்டைக் குறைத்துவிட்டேன், அது யாருக்கும் தெரிய வேண்டாம்.

பைக்காரத் தம்பி, என்னிடம் ஒரு தோல் பை இருக்கிறது. எங்கள் அப்பச்சி பினாங்கிலிருந்து என் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது, 1991. பேரெல்லாம் ஒன்றும் இல்லை. கைப்பிடி ஒரு பக்கம் தையல் விட்டிருக்கிறது. தைத்துத் தர முடியுமா?

பைக்காரன்:

போட்டோ போடுங்கள் ஆச்சி. பையை முழுசாக எடுக்க வேண்டாம், விட்ட தையல் பக்கத்திலிருந்து, உள்பக்கத் துளைகள் தெரிகிற மாதிரி. துளை கிழியாமல் இருந்தால் அதே துளையிலேயே ரெண்டு ஊசி போட்டுத் தைத்துவிடலாம்.