நடுக்கடல் மேல் விமானத்தில் கரண்ட் மொத்தமாகப் போனால்?

ஜன்னலோரம்:
கிளம்பும் முன் விமானத்தில் விளக்குகள் ஒரு நொடி அணைந்து வந்தன. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் கடல் மேல் போகும்போது எனக்கு அதே நினைப்பு. ஜெனரேட்டர் எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிட்டால் எஞ்சினும் நின்றுவிடுமா? திரைகள் கறுத்துப்போனால் பைலட் எதைப் பார்த்து ஓட்டுவார்?

ஸ்பானர்:
பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். நீங்கள் பார்த்தது வால் பக்கத்துச் சின்ன எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சின்களுக்கு மின்சாரம் மாறியதாகத்தான் இருக்கும், தினமும் நடப்பது. கரண்ட் போனாலும் எஞ்சின் ஓடும், அதன் கணினிக்கு வேண்டிய மின்சாரத்தை அதுவே சுழன்று எடுத்துக்கொள்ளும். டாங்க் பம்புகள் நின்றுவிடும், அப்புறம் எஞ்சினோடு உள்ள பம்ப்தான் எரிபொருளை உறிஞ்ச வேண்டும், மிக உயரத்தில் அது திணறலாம் என்பதால் கீழே இறங்க வேண்டிவரும். கடல் தாண்டும் இரட்டை எஞ்சின் விமானத்துக்குத் தனித்தனியாக மூன்று மின் மூலங்களாவது இருக்கும். அதெல்லாம் போனால் பல விமானங்களில் வயிற்றிலிருந்தோ இறக்கையடியிலிருந்தோ ஒரு காற்றாடி டபக்கென்று வெளியே விழுந்து, எதிர்க்காற்றில் சுழன்று மின்சாரம் தரும். ஹேங்கரில் அதை இறக்கிப் பார்க்கும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடமாட்டோம். ஏ380 என்ற பெரிய விமானத்தில் அதன் விட்டமே 1.63 மீட்டர்.

வால்காற்று:
2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏ330 விமானம் அட்லாண்டிக் மேல் இரண்டு எஞ்சினும் நின்று, 306 பேரோடு சுமார் 19 நிமிடம் மிதந்தே அசோர்ஸ் தீவில் இறங்கியது. அந்தக் காற்றாடிதான் முக்கியக் கருவிகளுக்கு உயிர் கொடுத்தது.

ஸ்பானர்:
அது எரிபொருள் கசிவு, கரண்ட் கோளாறு இல்லை. கேள்விக்குப் பொருத்தமானது 2008 ஜனவரியில் பாங்காக் அருகே குவாண்டாஸ் நிறுவனத்தின் 747 விமானத்தில் நடந்தது. சமையலறைத் தண்ணீர், விரிசல் விட்ட தடுப்பு வழியாகக் கீழே மின் கருவிகள் மேல் சொட்டி, நான்கில் மூன்று ஜெனரேட்டரின் மின்சாரம் போய்விட்டது. அந்த ரகத்தில் காற்றாடியும் கிடையாது. சில முக்கியக் கருவிகள் பேட்டரியில்தான் ஓடின, நல்ல வேளை ஓடுபாதை பக்கத்தில் இருந்தது. இதே நடுக்கடலில் என்றால்? பேட்டரி அரை மணி நேரக் கணக்குதான், அதனால்தான் எனக்கு இருட்டைவிட நேரம்தான் பயம்.

ஜன்னலோரம்:
சரி, பேட்டரியும் தீர்ந்தால்?

ஸ்பானர்:
முன்கண்ணாடி பக்கத்தில் ஒரு காந்தத் திசைகாட்டி இருக்கும், அதற்குக் கரண்டே வேண்டாம். ஆனால் ராத்திரியில் அதைப் படிக்க டார்ச் வேண்டும், அதனால் காக்பிட்டில் டார்ச் இல்லாமல் கிளம்பமாட்டார்கள்.