ஃபிராங்கன்ஸ்டைன்: இன்று உலவுவது நாவலின் பூதமா, 1931 ஒப்பனையா?

பழையரீல்:
யாரையாவது பிடித்து "ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தை வரை" என்று பேனாவைக் கொடுங்கள். தட்டையான உச்சந்தலை, நெற்றியில் தையல், கழுத்தில் இரண்டு போல்ட், பச்சைத் தோல். இதில் ஒன்றுகூட நாவலாசிரியர் மேரி ஷெல்லி எழுதியது கிடையாது. நாவலில் வருவது எட்டடி உயரம், உள்ளே ஓடும் தசையும் நாளமும் தெரிகிற அளவுக்கு இழுத்துப் போர்த்திய மஞ்சள் தோல், பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப் பல், கறுத்த உதடு. கோட்டை கிடையாது, இங்கோல்ஸ்டாட் ஊரில் ஒரு மாணவனின் மாடியறை. கூன் விழுந்த உதவியாள் கிடையாது. பூதத்தைச் செய்யும் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் டாக்டரும் கிடையாது.

என் கட்சி இதுதான்: இன்று பொம்மை, கார்ட்டூன், முகமூடி என்று எங்கும் எதிரொலிப்பது ஹாலிவுட்டின் யூனிவர்சல் நிறுவனம் 1931-ல் எடுத்த படம். 1818-ல் வந்த புத்தகம் நாளைக்கே காணாமல் போனாலும் இந்த உருவத்துக்கு ஒரு குறையும் வராது. 1971-ல் இருந்து அமெரிக்காவில் ஃபிராங்கன் பெர்ரி என்று இளஞ்சிவப்பு காலை உணவு டப்பா விற்கிறார்கள். அதை வாங்கும் பிள்ளைக்கு நாவல் எதற்கு?

மைக்கூடு:
முகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் முகம் வேறு, கதை வேறு.

பிளேட் ரன்னர் (1982) படத்தில் ராய் பாட்டி என்ற செயற்கை மனிதன் தன்னைச் செய்த டைரெலைத் தேடிப் போகிறான், இன்னும் கொஞ்சம் ஆயுள் கேட்கிறான், கிடைக்காது என்றதும் கொல்கிறான். அவன் கழுத்தில் போல்ட் எங்கே? அந்தக் காட்சியின் தாய்வீடு மோன் பிளாங் அடிவாரப் பனியாறு. அங்கேதான் படைப்பு விக்டரை மறித்து, "உன் கடமையைச் செய்" என்கிற தோரணையில் பேசுகிறது. திருத்தி வந்த 1831 பதிப்பில் 11 முதல் 16 வரையான அத்தியாயங்கள் முழுக்க அதன் வாய்மொழி. டி லேசி என்ற குடும்பத்தின் வீட்டுச் சுவரை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்து, ஒரு இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே பேச்சு கற்கிறது. காட்டில் கிடந்த தோல்பெட்டியில் மூன்று புத்தகம்: மில்டனின் இழந்த சொர்க்கம், புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகள், கதேயின் வெர்தர். படித்துவிட்டுத்தான் வாதாட வருகிறது.

1931 படத்து ஜந்துவுக்கு உறுமல் மட்டும்தான். உறுமுகிற ஒன்றிலிருந்து வாதாடுகிற ராய் பாட்டி எப்படிப் பிறப்பான்?

பழையரீல்:
1935 தொடர்ச்சியில், பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைனில், பூதமாக நடித்த கார்லாஃப் பேசுகிறாரே. காட்டுக் குடிசையில் பார்வையில்லாத கிழவர் ரொட்டி, சுருட்டு, நல்லது, கெட்டது என்று சொல்லிக் கொடுக்கிறார். பேச்சும் சினிமா போட்ட பிச்சைதான்.

மைக்கூடு:
அந்தப் பார்வையில்லாத கிழவர் யார் என்கிறீர்கள்? நாவலின் டி லேசியேதான். கண் தெரியாததால் பயப்படாமல் அந்தப் படைப்போடு பேசும் ஒரே ஆள். இயக்குநர் ஜேம்ஸ் வேல் முதல் படத்தில் விட்டதை எடுக்க நான்கு வருடம் கழித்து அதே புத்தகத்துக்குத்தான் திரும்பிப் போனார். 1974-ல் யங் ஃபிராங்கன்ஸ்டைன் அந்தக் குடிசைக் காட்சியைத்தான் கிண்டல் செய்தது. கிழவர் கொதிக்கும் சூப்பை விருந்தாளியின் மடியில் ஊற்றுவார். நீங்கள் சிரித்தது மேரி ஷெல்லியின் காட்சிக்கு.

ஒத்திகை:
இரண்டு பேரும் நடுவில் நூறு வருடத்தைத் தாண்டிக் குதிக்கிறீர்கள். 1823 ஜூலை 28, லண்டன் இங்கிலிஷ் ஆப்பரா ஹவுஸ். ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் எழுதிய நாடகம், பெயர் பிரிசம்ப்ஷன். ஜந்துவின் வாயைப் பூட்டியது அங்கேதான். அந்த வேடம் கட்டிய டி. பி. குக் உடல்மொழியில் கெட்டிக்காரர். இசைக்கு அசைந்தே காட்டிவிடுவார். ஃபிரிட்ஸ் என்ற பயந்தாங்கொள்ளி வேலைக்காரனும் அந்த மேடையில் பிறந்தவன். சோதனை அறைக் கதவு மூடியே இருக்கும், அவன் ஏறி எட்டிப் பார்ப்பான், உள்ளேயிருந்து எஜமானின் அலறல் வரும்: உயிர் வந்துவிட்டது! 1931 படத்தில் ஃபிராங்கன்ஸ்டைனாக நடித்த கோலின் கிளைவ் கத்தியதற்கு நூற்றெட்டு வருடம் முந்தைய ஒத்திகை இது.

விளம்பரத் தாளில் நடிகர் பட்டியலில் ஜந்துவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். ஆகஸ்ட் 29-ல் நாடகம் பார்க்கப் போன மேரி ஷெல்லிக்கே அது பிடித்திருந்தது, கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1931 படத்தின் தொடக்க எழுத்தில் கார்லாஃப் பெயர் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டார்களே, அதற்கும் இதுவே முன்னோடி.

இன்னொன்று. புத்தகத்தின் முதல் அச்சு 500 பிரதிதான், ஆசிரியர் பெயர் போடாமல். நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியதும் மேரியின் அப்பா வில்லியம் காட்வின் அவசரமாக இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு செய்தார். மேரியின் பெயர் தாங்கி வந்த முதல் ஆங்கிலப் பதிப்பு அதுதான். ஆக, புத்தகம் இல்லாமல் உருவம் ஓடும் என்பதும் தப்பு, உருவம் இல்லாமல் புத்தகம் நின்றிருக்கும் என்பதும் தப்பு.

சும்மாவந்தவன்:
அப்போ ஈகோர்? கூன் முதுகு உதவியாள் பெயர் ஈகோர்தானே?

ஒத்திகை:
1931 படத்தில் அவன் பெயர் ஃபிரிட்ஸ், நடித்தவர் டுவைட் ஃபிரை. 1939-ல் வந்த சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைனில் பெலா லுகோசி செய்த பாத்திரம்தான் யிகோர். தூக்கில் போட்டும் சாகாமல் கழுத்து முறிந்து போன ஆள், கூனனும் இல்லை, சோதனைக்கூட வேலையாளும் இல்லை. ஜனங்கள் ஒருவன் முதுகையும் இன்னொருவன் பெயரையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். கதைக்கு ஏற்ற வேலைதான்!

ஸ்பிரிட்கம்:
ஒரு திருத்தம். கழுத்தில் இருப்பது போல்ட் இல்லை, மின்முனை. கரண்ட் உள்ளே போகும் வழி. ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் காரணம் இல்லாமல் எதையும் ஒட்டவில்லை. தலை ஏன் தட்டை? கைத்திறன் இல்லாதவன் மூளையை வைக்கக் கபாலத்தைச் சுற்றி அறுத்து, குண்டான் மூடிபோல் திறந்து மூடியிருப்பான் என்று யோசித்தார். பஞ்சை அடுக்கி, கொலோடியன் என்ற ஒட்டும் திரவத்தைப் பூசிப் பூசி நெற்றியை எழுப்பினார். இமை தொங்க மெழுகு. கன்னம் உள்வாங்கத் தன் பகுதிப் பல்செட்டைக் கழற்றியது கார்லாஃப். தினமும் சுமார் நான்கு மணி நேரம். சாயம் பச்சை கலந்த சாம்பல். கறுப்பு வெள்ளைப் படத்தில் தோலின் சிவப்பைக் கொன்று பிண வெளுப்புக் காட்டுவதற்காக. படத்தில் யாரும் பச்சையைப் பார்க்கவில்லை.

மேடைக்குச் செய்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்:

கொலோடியன் வேண்டாம். ஈதர் கலந்தது, சட்டென்று தீப்பிடிக்கும், காயும்போது தோலைச் சுருக்கி இழுக்கும். திரவ லேடெக்ஸ் (ரப்பர் பால்) போதும். முந்தின நாளே முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து 24 மணி நேரம் பாருங்கள்; தடித்தால் அந்த நடிகருக்கு லேடெக்ஸே கூடாது. புருவத்தில் வாஸ்லின் தடவாமல் பூசினால் உரிக்கும்போது புருவமும் வரும். ஒரே கனமான பூச்சு போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், முதல் வசனத்திலேயே உரியும். நான்கைந்து மெல்லிய அடுக்கு. ஒவ்வொன்றும் பால் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் அடுத்தது. பஞ்சின் ஓரத்தைக் கத்தரிக்காமல் பிய்த்து வையுங்கள், கத்தரித்த ஓரம் கோடாகத் தெரியும். மேலே சாதாரண எண்ணெய்ச் சாயம் பூசினால் லேடெக்ஸ் இளகிப்போகும். ஆமணக்கெண்ணெய் அடிப்படையில் செய்த சாயம் வாங்குங்கள். தட்டைத் தலைக் கட்டியை நெற்றியில் ஒட்டாமல் விக் தொப்பியில் தையுங்கள், எடை தொப்பிக்குப் போகும்.

பச்சை பூசிவிட்டுச் சிவப்பு விளக்கு போடுகிறார்கள் பாருங்கள், அது தலைவலி. சிவப்பு வெளிச்சத்தில் பச்சை கரியாகத் தெரியும். பூதம் கரிமூட்டைக்காரர் மாதிரி நிற்கும்.

பழையரீல்:
ஸ்பிரிட்கம் சொன்னதில்தான் என் வாதம் இருக்கிறது. அந்த ஒப்பனைக்கு யூனிவர்சல் உரிமை கொண்டாடியது. 1957-ல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன் எடுத்தபோது அந்த முகத்தைத் தொட முடியவில்லை. கிறிஸ்டோபர் லீக்கு ஃபில் லீக்கி வேறு முகம் செய்தார், சிதைந்த சதை மாதிரி. பயங்கரமாகத்தான் இருந்தது, ஆனால் எந்தக் குழந்தையாவது அதை வரைகிறதா? 1964-ல் ஈவில் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைனை யூனிவர்சலே விநியோகித்தது. உடனே தட்டைத் தலை திரும்பி வந்தது. அனுமதி கிடைத்த மறுநிமிடம் எல்லோரும் எங்கே ஓடுகிறார்கள் பாருங்கள்.

மைக்கூடு:
அதே ஹாமரை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். முகம் கிடைக்காததால் அவர்கள் கதையைப் பீட்டர் குஷிங் நடித்த ஃபிராங்கன்ஸ்டைன் பிரபு மேல் ஏற்றினார்கள். 1957 முதல் 1974 வரை குஷிங் நடித்தது ஆறு படம். படத்துக்குப் படம் ஜந்து மாறும், படைக்கிறவன் மாறமாட்டான். செய்தவன்தான் குற்றவாளி என்ற நாவலின் கேள்வி அங்கே பிழைத்தது. 1992-ல் மரபணு மாற்றிய உணவை ஒருவர் "ஃபிராங்கன்ஃபுட்" என்று நியூயார்க் டைம்ஸுக்கு எழுதினாரே, அந்தச் சொல்லில் தட்டைத் தலை இருக்கிறதா? செய்துவிட்டுப் பொறுப்பெடுக்காதவன் மேலுள்ள பயம்தான் இருக்கிறது.

சும்மாவந்தவன்:
மின்னலாவது புத்தகத்தில் உண்டா இல்லையா?

மைக்கூடு:
உயிர் தரும் இடத்தில் இல்லை. நவம்பர் இரவு, மணி ஒன்று, மழை சன்னலில் தட்டுகிறது, மெழுகுவத்தி அணையப்போகிறது, மஞ்சள் கண் திறக்கிறது. "உயிர்ப்பொறி" என்று ஒரு சொல், சுற்றிலும் ஏதோ கருவிகள், அவ்வளவே. விக்டர் சிறுவயதில் மின்னல் ஒரு ஓக் மரத்தைச் சிம்பு சிம்பாகக் கிழித்ததைப் பார்க்கிறான். 1818 பதிப்பில் அப்பா பட்டம் விட்டு மின்சாரம் காட்டுகிறார். 1831-ல் அந்த இடத்தில் கால்வனிசம், அதாவது உடல் தசையை மின்சாரம் துடிக்கவைப்பது, பற்றி ஒரு விஞ்ஞானி பேசுகிறார். லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற கைதியின் உடலில் இத்தாலிய விஞ்ஞானி ஆல்டினி 1803-ல் மின்சாரம் பாய்ச்சித் தாடையைத் துடிக்கவைத்த காலம், வாசகர்களுக்குக் குறிப்பே போதும்.

ஒத்திகை:
திரையில் பார்க்கும் பொறி மழை கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் கைவேலை. அவர் செய்த அதே இயந்திரங்களைத்தான் 1974 கேலிப் படத்துக்கும் கொண்டுவந்தார்கள். இரண்டு கம்பிக்கு நடுவே நெருப்பு ஏறுமே, அது ஜேக்கப் ஏணி. அடியில் இடைவெளி 6 மில்லிமீட்டர் இருந்தால் அங்கே பொறி பிறக்கும்; சூடான காற்று மேலே தூக்கும்; மேலே 6 சென்டிமீட்டர் விரிந்ததும் அறுந்து மறுபடி அடியில் பிறக்கும். மின்விசிறிக் காற்று பட்டால் பாதியில் அறுந்துவிடும். இதற்கு 15,000 வோல்ட் நியான் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் 30 மில்லியாம்பியர் ஆளைக் கொல்லும். நாடகத்துக்கு அக்ரிலிக் குழாயில் எல்.ஈ.டி. பட்டை வைத்து ஓடவிடுங்கள், ஐந்தாம் வரிசைக்கு மேல் வித்தியாசம் தெரியாது.

சும்மாவந்தவன்:
நம்மூர் கணக்கு? எந்திரன் எந்தப் பக்கம்?

மைக்கூடு:
புத்தகத்தின் பக்கம். சிட்டி பேசுகிறான், பெண்ணைத் தனக்கென்று கேட்கிறான், செய்தவரே வெட்டிக் குப்பையில் போட்டதும் பகையோடு திரும்புகிறான். மூன்றும் நாவலின் மூட்டுகள்.

பழையரீல்:
1989-ல் வேலு பிரபாகரன் எடுத்த நாளைய மனிதனை மறந்துவிட்டீர்களே. செத்தவரை எழுப்பும் மருந்து, எழுந்து வரும் அஜய் ரத்னம், பேச்சில்லாத முரட்டு நடை. அது என் பக்கம். ஒன்றுக்கு ஒன்று.

ஸ்பிரிட்கம்:
வியாபாரம் செய்கிறவர்களுக்கு: அமெரிக்கச் சட்டப்படி 1931 படம் 95 வருடம் முடிந்து 2027 ஜனவரி 1-ல் பொதுச் சொத்தாகிறது. தட்டைத் தலையும் மின்முனையும் அதோடு வரும். பின்னால் வந்த படங்களில் சேர்ந்த அம்சங்கள் வராது. வணிக முத்திரை தனி, கார்லாஃப் முகச்சாயல் தனி, பெட்டியில் அச்சடிக்கும் முன் வக்கீலைப் பாருங்கள்.

பழையரீல்:
அப்போ பூதத்தின் மணமகளாக வந்த எல்சா லான்செஸ்டரின் அந்த வெள்ளைக் கீற்றுக் கூந்தல்?

ஸ்பிரிட்கம்:
அது 1935. 2031 வரை பொறுக்கணும்.