தகர ஷீட்டுக்கு அந்தப் பக்கம் கானா

காசிமேட்டுக்காரர்

போன வருடம் எங்கள் பக்கத்து மைதானத்தில் ‘மாற்று இசைத் திருவிழா’ என்று ஒன்று நடந்தது. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். டிக்கெட் 499 ரூபாய். அது என்ன 499 என்று ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்யும் மச்சானிடம் கேட்டேன். கச்சேரி டிக்கெட் 500 ரூபாயைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி கிடையாதாம். தாண்டினால் 18 சதவீதம். சரிதான்!

வாசலில் கையில் பேண்ட் கட்டினார்கள், கொண்டு போன தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி டிரம்மில் போட்டார்கள். உள்ளே அரை லிட்டர் 40 ரூபாய். செக்யூரிட்டி, பார்க்கிங் எல்லாம் எங்கள் தெருப் பையன்கள்தான். மைதானத்தைச் சுற்றித் தகர ஷீட் அடைத்திருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் பெண்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மாவும் அதில் ஒருத்தி.

மேடையேறிய கானா பாடகர் அண்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் தாத்தாவின் பதினாறாம் நாள் ராத்திரி பந்தலில் பாடியவர். சாப்பாடு முடிந்து ஆரம்பித்தது, விடியற்காலை ஹார்பருக்கு ஐஸ் வண்டி போகிற நேரம் வரைக்கும் ஓடியது. நடுவில் அத்தை எழுந்து போய் அவர் காதில் என்னவோ சொன்னாள். அவர் டோலக்கை மட்டும் ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அடுத்த அடியில் தாத்தா கட்டுமரம் கவிழ்ந்து கரை சேர்ந்த கதை வந்தது, அதன் வாலிலேயே ராத்திரி வஞ்சிரத் தலைக்காகப் பாட்டியிடம் சண்டை போட்டதும் வந்தது. அழுதுகொண்டிருந்த பாட்டி சிரித்துவிட்டாள். மரண கானா என்றால் எனக்கு அதுதான். போனவர் பேர் வரணும், அவர் கதை வரணும்.

மைதானத்தில் அவருக்குக் கொடுத்தது 12 நிமிடம். காதில் இயர்பீஸ், அதற்குள் தாளம் பிசகாமல் இருக்க ஓடுகிற கிளிக் சத்தம். பின்னால் எல்இடி திரையில் ஓடும் படத்தோடு பாட்டைக் கோத்திருந்தார்கள், ஒரு அடி கூட்டினால் படம் முந்திவிடும். ‘சாவுப் பாட்டு மட்டும் வேணாம்ணா, ஸ்பான்சர் வந்திருக்காங்க’ என்று முன்னாடியே சொல்லிவிட்டார்களாம். பாதியில் முன்னாலிருந்து யாரோ ஒரு பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அண்ணன் கண் அந்தப் பக்கம் போனது. அந்தப் பேரை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, கிளிக்கோடு போய்விட்டார்.

சட்டி மேளம் வாசிப்பவர்

நீங்கள் சொல்வது புரிகிறது தலைவா. ஆனால் வாசிக்கிறவன் கதையையும் கேளுங்கள். சாவு வீட்டில் பேசின காசில் பாதிதான் கைக்கு வரும். மீதியை எப்படிக் கேட்பது, இழவு விழுந்த வீடாச்சே? சட்டையில் குத்துகிற நோட்டு பாடகருக்கு, அவராகப் பிரித்துக் கொடுத்தால் உண்டு. ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்று போலீஸ் வந்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போனதும் நடந்திருக்கிறது. சில தெருக்களில் எங்களுக்குத் தண்ணீர் வாசலோடு சரி.

இந்த மாதிரி ஒரு விழாவில் எங்கள் செட்டுக்கு 60,000 பேசினார்கள். வந்தது 48,000, அதுவும் மூன்று மாதம் நடையாய் நடந்த பிறகு. பான் நம்பர் தரவில்லை என்று வரியாக 20 சதவீதம் பிடித்துவிட்டார்கள். அது எங்கள் தப்பு, விடுங்கள். ஆனாலும் என் பங்கில்தான் தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினேன். உட்கார ஏசி ரூம் கொடுத்தார்கள், பேருக்குப் பின்னால் ‘சார்’ போட்டார்கள். மேடையே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கிளிக்கை மட்டும் கழற்றிவிட்டால் போதும்.

பெரம்பூர்க்காரர்

இது உலகம் பூரா நடக்கிற கதை. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழா 1970-இல் ஆரம்பித்தபோது டிக்கெட் ஒரு பவுண்டு, கூடவே பண்ணைப் பால் இலவசம். இப்போது 350 பவுண்டுக்கு மேல். லோலபலூசா திருவிழா 1991-இல் ஒரு ராக் குழுவின் பிரியாவிடைப் பயணமாகத் தொடங்கியது. 2023-இல் மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்துக்கே வந்துவிட்டது.

காசு போடுகிறவர் எப்போதும் ஒருவர் இருக்கத்தான் செய்வார். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடந்தபோது பின்னால் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் இருந்தது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாட்டாகவே பாடிய குழு அது. ஒரு சோப்பு கம்பெனி காசு போட்டிருந்தால் விட்டிருப்பார்களா? என் கேள்வி அவ்வளவுதான். டிக்கெட் 499-ஆ 4,999-ஆ என்பதெல்லாம் எனக்கு அப்புறம்.

காசிமேட்டுக்காரர்

சட்டி அண்ணே, நீங்கள் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மா வாய் திறக்கவில்லை. போன வாரம் எங்கள் தெருவிலேயே ஒரு பதினாறாம் நாள் வந்தது. பாட வந்தது அதே அண்ணன். 10 மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு வெறும் டோலக்கோடு பாடினார், செத்துப்போன சித்தப்பா ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த கதை முழுசும் வந்தது. மேடையேறினதிலிருந்து ரேட்டைக் கூட்டிவிட்டார் என்று அத்தைக்குக் குறை. பேசின காசு மொத்தத்தையும் அம்மா பந்தல் போடும்போதே அவர் கையில் கொடுத்துவிட்டாள்.